ஆறாவது பல்லுக்குப் பிறகு

2023 மார்ச் 7ஆம் தேதி, டாப்சிலிப்புக்கு அருகிலுள்ள கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி யானை பணி ஓய்வு பெற்றது. வயது 60. 1972இல் சத்தியமங்கலம் காட்டில் பிடிபட்டு, பிறகு காட்டு யானைகளைப் பிடிக்கவும் மீட்கவும் 99 முறை களமிறங்கிய யானை அது. வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செலுத்தினார்கள். செய்தி அவ்வளவுதான். ஆனால் அந்த மரியாதையைவிட அதற்கு மறுநாளைப் பற்றிய எண்ணம்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. மறுநாளும் கலீமுக்கு அதே முகாம், அதே மலசர் பாகன்கள், வேளைக்கு வரும் அதே கவளம். நின்றுபோனது வேலை மட்டும். இதே ஆனைமலையில், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வால்பாறை. அங்கே காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வு பெறும் பெண்ணுக்கு வேலையோடு வீடும் போகிறது. தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீடு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. மகனோ மகளோ அதே எஸ்டேட்டில் வேலையில் இருந்தால் தங்கலாம். இல்லையென்றால் காலி செய்துவிட்டு மலை இறங்க வேண்டும்.

யானையின் முதுமையில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. அதற்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஒன்று தேய்ந்து உதிர, பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வருகிறது. நாற்பது வயதையொட்டி வரும் ஆறாவது பல்தான் கடைசி. அறுபதுகளில் அதுவும் தேய்ந்துவிட்டால் காட்டு யானையால் மூங்கிலையும் மரப்பட்டையையும் அரைக்க முடியாது. இதயம் துடித்துக்கொண்டிருக்க, நுரையீரல் இயங்கிக்கொண்டிருக்க, மெல்ல முடியாத ஒரே காரணத்தால் உடல் மெலிந்து சாகிறது. முகாமில் கதை வேறு. ராகியும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து உருட்டி வாயில் ஊட்டுகிறார்கள். 2019இல் கேரளத்தில் இறந்த தாட்சாயணி என்ற கோயில் யானைக்கு வயது 88 என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் ஆயுளின் எல்லை எங்கே இருக்கிறது? பல்லில் இருக்கிறது என்றால் அது அறுபதுகளிலேயே முடிந்திருக்க வேண்டும். கவளம் உருட்டும் கையிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

உயிரியல் இதற்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. முதுமை ஏன் வருகிறது என்பதற்கு 1952இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் ஒரு விளக்கம் தந்தார்: பிள்ளை பெறும் பருவம் கடந்த பிறகு வரும் கோளாறுகளை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் களைவதில்லை, அதனால் அவை தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகின்றன. 1977இல் தாமஸ் கிர்க்வுட் இன்னொன்றைச் சேர்த்தார்: உடலைப் பழுதுபார்க்கச் சக்தி செலவாகிறது, இனப்பெருக்கத்துக்குப் போக மிஞ்சியதில்தான் பழுது பார்க்கப்படுகிறது. முதுமையின் அடையாளக்கூறுகள் ஒன்பது என்று 2013இல் தொகுத்தவர்கள் 2023இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். மரபணுச் சேதம், பிரிவதை நிறுத்திய செல்களின் தேக்கம், தணியாத உள்ளழற்சி என்று பட்டியல் நீள்கிறது. எலிகளின் ஆயுளை நீட்டித்த ராப்பமைசின் போன்ற மருந்துகள் உண்டு. மனிதனின் ஆயுளை நீட்டிப்பதாக உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. உறுதியானவை பழைய செய்திகளே: புகையிலையை விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, நடப்பது, தசை வற்றாமல் பார்த்துக்கொள்வது, மனிதரோடு மனிதராக இருப்பது. கடைசியாகச் சொன்னது உபசாரத்துக்குச் சேர்த்தது அல்ல. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான பகுப்பாய்வில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

முதுமை அறுபதில் தொடங்குவதும் இல்லை. குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்து ஆய்வாளர் டேவிட் பார்க்கர் காட்டினார். மைசூரிலும் புனேயிலும் நடந்த ஆய்வுகள் அதே திசையைச் சுட்டின. தாயின் வயிற்றில் கிடைத்ததும் கிடைக்காததும் ஐம்பது ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கின்றன. வால்பாறைக்கு இது பொருந்தும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அங்குள்ள தொழிலாளர்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். படித்தவர்கள் மனத்தில் பெரும்பாலும் தங்குவது அட்டையும் குளிரும் கங்காணியின் அதட்டலும் மலேரியாச் சாவுகளும்தான். அந்த உலகில் முதுமை வரை பிழைத்திருப்பதே அரிது. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. சாவுகள் குறைந்தன. ஆனால் அந்தச் சட்டம் உழைக்கும் உடலை நினைத்து எழுதப்பட்டது. உழைத்து முடித்த உடல் அந்தக் கணக்கில் வரவில்லை.

உழைத்து முடித்தவர்களுக்கும் அந்த வீடு நிலைக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதற்கு மறுப்புகள் உண்டு. யானை சிறைப்பட்ட விலங்கு. அதன் முகாம் வாழ்வை மனிதரின் வாழ்வுக்கு அளவுகோலாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டிலிருந்து பறிக்கப்பட்ட ஒரு வாழ்க்கையை எந்த மரியாதையாலும் ஈடுசெய்ய முடியாது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: உழைப்பை வாங்கியவர்கள் பல் தேய்ந்த காலத்தையும் தங்கள் பொறுப்பாக ஏற்றிருக்கிறார்கள். மலையில் ஏறி இறங்கி உழைத்தவர்களுக்கு உடம்பு உறுதியாக இருக்கும், தனிக் கவலை எதற்கு என்றும் சொல்வார்கள். நடை நல்லதுதான். ஆனால் மழையில் நாள் முழுக்கச் சரிவில் நின்று, கொழுந்து மூட்டையைச் சுமந்து, வலித்தாலும் ஓய்வெடுக்க முடியாத உழைப்பும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் காலை நடையும் ஒன்றல்ல. முழங்காலும் இடுப்பும் அந்த வேறுபாட்டை அறியும். புதிதாக வருபவர்களுக்கு வீடு வேண்டாமா என்பது அடுத்த வாதம். 2001இல் ஏறத்தாழ 95,000 பேர் இருந்த வால்பாறையில் 2011இல் 71,000 பேர்தான் இருந்தார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் வருவது உண்மை. ஆனாலும் ஆள் குறைந்துபோன ஊரில் இடமில்லை என்ற பேச்சு முழுதாக நிற்காது. தேயிலைத் தொழிலின் நெருக்கடியும் பொய்யல்ல. அதனால்தான் இந்தச் சுமையை நிறுவனத்தின் தலையில் மட்டும் வைக்காமல் அரசும் பங்கேற்க வேண்டும் என்கிறேன்.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் வி.எஸ். நடராஜன் 1978இல் தொடங்கிய முதியோர் மருத்துவம் இந்தியாவுக்கே முன்னோடி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. ஆனால் அதற்கு ஒரு வாசல் வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அதில் திருப்பூரில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய இழப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீடுகள். மியான்மரின் மரத்தொழில் யானைகளைப் பற்றி 2016இல் வந்த ஓர் ஆய்வில், பாட்டி யானை அதே இடத்தில் இருந்தபோது இளம் தாய்களின் கன்றுகள் இறக்கும் அபாயம் பெருமளவு குறைந்தது. வேறு முகாமிலிருந்த பாட்டியால் அந்தப் பயன் இல்லை. இதைக் காட்டி, முதியவர்கள் பயன்படுகிறார்கள், ஆகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாதிடுவது எளிது. அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. பயன் தீர்ந்த நாளில் அதே வாதம் அவர்களைத் துரத்தும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வியை என்னால் தீர்க்க முடியவில்லை. உடலுக்கு நல்லது பழகிய இடமா, பெற்ற பிள்ளைகளா? பிள்ளைகள் கீழே போய்விட்ட பிறகு மலையில் தனியாகக் கிடப்பதும் தனிமைதான். நகரத்தில் ஒற்றை அறையில் மகன் குடும்பத்தோடு நெருக்கிக்கொண்டு இருப்பது சிலருக்கு நிறைவாகவும் இருக்கலாம். ஆய்வுகள் உறவின் வலிமையைச் சொல்கின்றன. எந்த உறவு, எந்த மண்ணில் என்று ஒருவருக்காக அவை முடிவுசெய்து தருவதில்லை. நானும் அதை முடிவுசெய்யத் தகுதியானவன் அல்ல. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இருப்பதா இறங்குவதா என்பதை ஓய்வு பெற்றவர் முடிவுசெய்ய வேண்டும். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்கும் விதி முடிவுசெய்யக் கூடாது. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் உழைத்தவருக்குச் சாகும்வரை ஒரு கூரை என்பதைச் சலுகையாக இல்லாமல் சட்டமாக எழுத வேண்டும்.