கணநேர வேகமும் அறிதலின் நேர்மையும்

முன்னுரை

கடந்த தொலைவைக் கழிந்த காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ஆனால், ‘இந்தக் கணத்தில் வேகம் என்ன?’ என வினவும்போது இவ்வகுத்தல் நின்றுவிடுகிறது. ஒரு கணத்திற்குள் கழியும் காலம் சுழி. கடக்கும் தொலைவும் சுழி. சுழியைச் சுழியால் வகுத்தலுக்குக் கணிதத்தில் பொருளில்லை. எனினும், நுண்கணிதம் கற்கத் தொடங்கும் மாணவர் அவ்வேகத்தைச் சில வரிகளில் கண்டுவிடுகின்றனர். நேரே அளக்க இயலாத ஒன்றை அறிந்ததாகக் கூறும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வு என்னும் சிக்கல்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் சீனோ, பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் தன் அளவேயான இடத்தில் இருப்பதால் எக்கணத்திலும் அது அசையவில்லை என வாதிட்டார். இயக்கத்தைக் கணத்திற்குள்ளேயே தேடியதன் விளைவு இது.

இதனோடு ஒப்பிடத்தக்க சிந்தனை தமிழ் இலக்கண மரபிலும் உண்டு. வினைக்குக் காலம் மூன்று எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. நிகழ்காலத்தை விளக்கும் சேனாவரையர், அதனைத் தொழில் தொடங்கி இன்னும் முற்றுப்பெறாத நிலையாகக் கொள்கிறார். ‘கல் விழுகிறது’ என்னும் தொடரில், விழத் தொடங்கியமையும் விழுந்து முடியாமையும் சேர்ந்தே நிகழ்வாகின்றன. கணத்தின் இயல்பு அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றோடு கொண்ட உறவால் புலப்படும் என்னும் இக்கருத்தே கணநேர வேகத்திற்கும் திறவுகோலாகிறது.

தேவையும் கணக்கும்

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரர், தம் சித்தாந்த சிரோமணியில் (1150) கோள்களின் ஒருநாள் சராசரி இயக்கத்தினின்று வேறுபட்ட ‘தாத்காலிக கதி’யைப் பேசுகிறார். நிலவின் வேகம் கணந்தோறும் மாறுவதால், திதி முடியும் நேரத்தைத் துல்லியமாகக் கணிக்க ஒருநாள் சராசரி போதவில்லை. விளக்கம் முழுமை பெறுமுன்னரே தேவை முந்திக்கொண்டது எனலாம்.

இதன் கணக்கை விழும் கல்லொன்றைக் கொண்டு காணலாம். காற்றின் தடையை நீக்கிக் கருதினால், ஓய்விலிருந்து விழும் கல் t நொடியில் ஏறத்தாழ 4.9t² மீட்டர் கடக்கும். இரண்டாம் நொடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? 2 முதல் 3 நொடி வரை சராசரி வேகம் நொடிக்கு 24.5 மீட்டர். 2 முதல் 2.1 வரை 20.09, 2 முதல் 2.01 வரை 19.649. முன்புறமிருந்து நெருங்கி 1.9 முதல் 2 வரை கண்டால் 19.11. இடைவெளியை h எனக் கொண்டால் சராசரி வேகம் 19.6 + 4.9h ஆகும். இருபுறமும் h சுருங்கச் சுருங்க, விடை 19.6ஐ நெருங்குகிறது.

பெர்க்கிலியின் குற்றச்சாட்டு

நியூட்டனும் லைப்னிட்சும் பதினேழாம் நூற்றாண்டில் இம்முறையைப் பொதுவிதியாக வளர்த்தனர். 1734இல் அயர்லாந்து ஆயர் ஜார்ஜ் பெர்க்கிலி, ‘பகுப்பாய்வாளர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நூலில் அதன் அடித்தளத்தைத் தாக்கினார். வகுக்கும்போது h சுழியன்று என்கின்றனர். வகுத்து முடித்ததும் அதனைச் சுழியாக்கி நீக்குகின்றனர். முதற்கூற்றைக் கைவிட்டபின் அதனால் பெற்ற விடையை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வாறு முறையாகும் என்பது அவர் வினா. சமயத்தின் மறைபொருள்களை ஏற்க மறுக்கும் அறிவாளர், தம் கணக்கில் அவற்றினும் விளங்காதவற்றை ஏற்கின்றனர் என்றும் அவர் சாடினார்.

விடைகள் சரியானவை என்பதைப் பெர்க்கிலி மறுக்கவில்லை. அவ்விடைகளைப் பெற்ற வழியையே மறுத்தார். சரியான முடிவு, அதனை அடைந்த வழியைத் தானே நியாயப்படுத்துமா என்னும் அறவினா இங்கே எழுகிறது. நியூட்டன் 1687ஆம் ஆண்டின் ‘பிரின்சிபியா’விலேயே மறையும் அளவுகளின் இறுதி விகிதம் என்பதை, அவ்விகிதங்கள் நெருங்கும் எல்லையாக விளக்க முயன்றார். எனினும், ‘நெருங்குதல்’ என்பதற்குத் திட்டமான வரையறை அப்போது இல்லை.

எல்லை தரும் விடை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷி (1821), பின்னர் வயர்ஸ்ட்ராஸ் ஆகியோர் அவ்வரையறையை அளித்தனர். அதன்படி h ஒருபோதும் சுழியாவதில்லை. ஐயுறுவோர் எத்துணைச் சிறிய பிழையளவைக் கூறினாலும், அப்பிழைக்குள் அடங்குமாறு ஓர் இடைவெளியைக் காட்ட இயல வேண்டும். மேற்கண்ட கணக்கில் பிழை 0.01ஐத் தாண்டலாகாது எனின், h 0.002ஐத் தாண்டாதிருந்தால் போதும். அதனினும் சிறிய பிழை கேட்பின் அதற்கும் விடையுண்டு. இவ்வாறு எல்லாக் கேள்விக்கும் ஈடுகொடுக்கும் எண் 19.6 ஒன்றே. அவ்வெண்ணே கணநேர வேகம் என வரையறுக்கப்படுகிறது.

சுழியைச் சுழியால் வகுத்துவிட்டதாக எவரும் இங்கே கூறவில்லை. கூறுவது இன்னதென்றும், அதற்குப் பொறுப்பேற்கும் முறை இதுவென்றும் வெளிப்படையாக வைக்கப்படுகின்றன. நுண்ணளவுகளையே தருக்கமுறைப்படி நிறுவும் மற்றொரு வழியை 1960களில் ஆபிரகாம் ராபின்சன் காட்டினார். ஆகவே முன்னோர் கருத்து முற்றும் பிழையன்று; அதற்குரிய சான்று வழங்கப்படாமையே குறை என்பது தெளிவாகிறது.

முடிவுரை

சான்று கிடைக்கும்வரை காத்திருந்தால் இயக்கவியலும் வானியலும் வளர்ந்திரா. எனவே, விளக்கம் நிரம்பாத கருவியைப் பயன்படுத்துதல் குற்றமாகாது. அவ்விடைவெளியை மறைத்தலும், வினவுவோரை விடையின் பயனைக் காட்டி அடக்குதலுமே குற்றமாகும். வகுப்பறையில் ‘இப்போது h-ஐச் சுழி எனக் கொள்க’ என்று கூறி, காரணம் கூறாது கடக்கும்போது பெர்க்கிலியின் வினா மீண்டும் உயிர்பெறுகிறது. ‘சற்றுமுன் சுழியன்று என்றீர்களே’ எனத் தயங்கும் மாணவர் கணிதம் அறியாதவரல்லர். எல்லை என்னும் கருத்து பிறக்கக் காரணமான வினாவையே அவர் எழுப்புகிறார். அவ்வினாவிற்கு இடந்தருதலே அறிதலின் நேர்மையாகும்.