கடனும் பெயரும்

பண்டிகை நாளில் இறந்தவர்களை நினைப்பது யாருக்காக? இருப்பவரின் ஆறுதலுக்காக என்று சொல்லிவிடுவது சுலபம். சடங்கு வெறும் கூடு, நினைவுதான் உயிருள்ளது என்று நம்மில் பலர் எழுதியுமிருக்கிறோம். இந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் உண்டு. நினைவு தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மனசுக்குள் வந்துவிட்ட பிறகு இறந்தவர் நம்முடைய பாத்திரமாகிவிடுகிறார், எதிர்த்துப் பேசமாட்டார். சடங்கோ பெயரைக் கேட்கிறது, எள்ளும் நீரும் கேட்கிறது. அவரைப் பற்றிய நம் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை. வெறுத்த தகப்பனுக்கும் அதே நீர்தான். வள்ளுவர் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னால் வைத்ததைக் கடன்களின் வரிசையாகவே என்னால் வாசிக்க முடிகிறது.

கடன் என்றால் கடன்பட்டவர் யார்? ஆடி அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையில் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்கிறார்கள். தாய்வழியிலும் அதே கணக்கு. நான்காவது தலைமுறை நழுவிவிடுகிறது. மறப்பதற்கும் சடங்கிலேயே இடம் வைத்திருப்பது ஒருவகை விவேகம். ஆனால் பிள்ளையில்லாதவர்கள் முதல் தலைமுறையிலேயே நழுவுகிறார்கள்.

மரபு இதை அறியாமலில்லை. கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலுக்குக் கோபுரம் கட்டிய லட்சுமி நாராயணசாமி பிள்ளையில்லாமல் ஒரு தீபாவளி நாளில் இறந்தார், பெருமாளே பிள்ளையாக நின்று கர்மம் செய்தார் என்பது ஐதிகம். ஊர் புதுத்துணியும் பட்டாசுமாக இருக்கும் தீபாவளி அமாவாசையில் இன்றும் பெருமாள் அந்தச் சிராத்தத்தைச் செய்கிறார். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். சரித்திரத்தில் மூன்றாம் வல்லாளன், நமக்குப் பக்கத்திலுள்ள கண்ணனூரையொட்டி மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் சிக்கி, 1342 வாக்கில் கொல்லப்பட்டவன். அவனுடைய உரித்த தோல் மதுரை மதிலில் தொங்கியதைக் கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். அவனுக்குப்பின் மகன் பட்டத்துக்கு வந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. கதையிலோ அவன் மகனற்றவன். தெய்வம் மகனாவதற்குக் கதைக்கு அந்த வெறுமை தேவைப்பட்டிருக்கிறது.

ஒருவர் கோபுரம் கட்டியவர், மற்றவர் அரசர். இரண்டும் இல்லாதவர்களுக்கு?

என் அத்தை இளம் வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். பிள்ளை இல்லை. பண்டிகைக்கு முந்தைய இரவுகளை அடுப்படியில் கழித்தவர். அவருக்குத் திதி கொடுப்பது என் கடமையல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகாளயத்தில் அத்தை, மாமன், குரு, சிநேகிதன் என்று காருண்ய பித்ருக்களுக்கு இடமுண்டு. தர்ப்பணத்தின் முடிவில், தாய் தந்தை பந்து என்று யாருமே அற்றவர்களுக்கும் ஒரு கை நீர் உண்டு. பெரிய மனசுதான். ஆனால் முன்னது அத்தையைக் கருணைக்கு உரியவராக்குகிறது. பின்னதில் பெயரே இல்லை.

வங்கிக் குமாஸ்தாவுக்கு வேறொரு கணக்குத் தெரியும். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். 2014லிருந்து இந்த ஏற்பாடு. அதற்குப் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். கேட்க ஆளில்லை என்பதால் கடன் தீர்ந்துபோவதில்லை. கும்பகோணத்துப் பெருமாளும் ரத்த உறவால் பிள்ளையானவர் அல்லர். அந்த மனிதரிடம் கோபுரத்தை வாங்கிக்கொண்டவர். வாங்கிக்கொண்ட இடத்தில் கடன் பிறக்கிறது. அத்தை சுட்டதை நான் தின்றிருக்கிறேன். எனவே கருணை காட்டும் இடத்தில் நான் இல்லை.

இது மனித உறவைப் பேரேடாக்குகிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். பேரேட்டில் என்றைக்காவது கணக்கை முடிக்க முடியும். இங்கே வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லை. தீராது என்று தெரிந்தே ஒப்புக்கொள்வதுதான் இந்தக் கடனின் இயல்பு.

கே.கே. நகரில் எங்கள் தெருவில் தீபாவளிக்குப் புதுத்துணியும் பலகாரமும் போட்டோவுக்கு முன் வைத்துப் படைக்கும் வீடுகள் உண்டு. போட்டோவில் பெரும்பாலும் பெற்றவர்களே இருக்கிறார்கள். அத்தைக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பெயர் இருக்கிறது. முதல் முறுக்கை வைத்து அதை உரக்கச் சொல்ல எந்த சாஸ்திரத்தின் அனுமதியும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் யார் அது என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும்.