இரவலொளி

வானத்து விளங்குவனவற்றை நாண்மீன், கோண்மீன் எனப் பகுத்து வழங்கினர் நம் முன்னோர். கோள்கள் தமக்கென ஒளியில்லன. ஞாயிற்றின் கதிர் தம்மேற்பட்டு மீளுதலானே விளங்குவன. கி.பி. 499-ஐ யொட்டி இயன்ற ஆரியபடீயம் இதனைத் தெளியக் கூறும். ஆயினும் நாண்மீன்களையும் அவ்வினத்தே சேர்த்தது இக்காலத்தார்க்கு உடன்பாடன்று. 1610-ஆம் ஆண்டின் இறுதியிற் கலிலேயோ என்பார் தொலைநோக்கி வழியே வெள்ளியைப் பார்த்து, அது திங்களைப்போல் வளர்ந்துந் தேய்ந்துந் தோன்றக் கண்டார். தன்னொளியுடைய உருண்டை பிறையாகத் தோன்றல் கூடாமையின், ஐயம் அங்கே அற்றது.

ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது வேறொன்று. ஒளி முழுதும் ஞாயிற்றினதாயின், கோளின் விளக்கத்திற் கோளுக்கு உரியதென ஒன்று உண்டோ? இல்லையென்பர் ஒருசாரார். அற்றன்று. அங்ஙனமாயின் ஞாயிற்றை அணுகியதே மிக விளங்கல் வேண்டும். புதன் ஞாயிற்றினின்று ஏறக்குறைய 5.8 கோடிக் கிலோமீட்டர் தொலைவினது, வெள்ளி 10.8 கோடிக் கிலோமீட்டர் தொலைவினது. ஒத்த பரப்பிற் புதன் பெறும் ஒளி, வெள்ளி பெறுவதினும் மூன்று மடங்கிற்கு மேற்பட்டது. பெற்றும் என்? பத்திலொரு பங்களவே அது மீளவிடுகின்றது. வெள்ளியோ நான்கில் மூன்று பங்கினை மீளவிடுகின்றது. 1878-இல் நாசுமித்து என்பார் இரண்டனையும் தொலைநோக்கியில் ஒருங்கு கண்டு, ஒன்று துலக்கிய வெள்ளிபோலவும் மற்றது ஈயம்போலவும் இருந்தன என்று குறித்தார். ஆகலின் அணுக்கம் ஒன்றே விளக்கத்திற்குக் காரணமன்று. ஏற்கும் பொருளின் இயல்பும் உடன்காரணமாம். பல்லாண்டு ஆசிரியர் அருகிருந்தும் விளங்காதாரும், சின்னாள் கேட்டு விளங்குவாரும் உளராதல் மடங்களிற் பயின்றார்க்குப் புதிதன்று.

அற்றேல், மிக விளங்குவதே மிகப் பெற்றது எனக் கொள்ளலாமோவெனின், இங்கேதான் இடர்ப்பாடு. வெள்ளியை அத்துணை வெண்மையாக்குவது அதனை முற்றும் மூடிய கந்தகத் திராவக முகில். கதிரிற் பெரும்பகுதி அம்முகிலிலே தடுக்கப்பட்டு மீளும்; நிலத்தை எய்துவது சிறுபகுதியே. அந்நிலம் எத்தகையதென்பது, 1975-இல் சோவியத்து நாட்டார் விடுத்த வெனேரா 9 என்னுங் கலம் அங்கிறங்கிப் படம் பிடித்தனுப்பிய பின்னரே கண்ணுக்குப் புலனாயிற்று. வெள்ளியின் பேரொளியாவது, அது ஏலாது விடுத்த ஒளி. கரிய பாறையாகிய திங்களோ நூற்றிற் பன்னிரண்டளவே மீளவிட்டு, எஞ்சியதைத் தன்னுட் கொள்ளும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் துணிபு. அச்சார்பு மேற்பட்டு மீளுதலா, உட்புகுதலா? அவையில் நூற்பொருளைச் சுடர வீசுவார் ஒருவரைக் கண்டவழி, அச்சுடர் அவர் ஏற்றதன் அளவென்று உலகங் கொள்ளும். ஏலாததன் அளவாகவும் அஃது இருத்தல் கூடும். பாடஞ்சொல்லுதலே தொழிலாகவுடைய எம்மனோர் இவ்விடத்தை விரைந்து கடந்துபோதல் ஆகாது. (உவமையை முழுதும் நீட்டற்க. வெள்ளியின் நிலம் 460 பாகையளவு வெம்மையுடையது; கரியமிலவாயுப் போர்வை வெப்பத்தைப் புறம்போகவிடாமையால் அது வந்தது.)

ஆயினும் மீளவிடுதலைக் குற்றமென்று தள்ளுதற்கு யாம் உடன்படேம். தன்னொளியுமின்றி, பெற்றதையும் மீளவிடாத பொருள் பிறர் கண்ணுக்குப் புலனாகாது. பிறர்க்கு வழிகாட்டவும் மாட்டாது. நாம் வாழும் நிலவுலகும் தான் பெற்றதில் நூற்றில் முப்பதளவு விண்ணுக்கு மீளக் கொடுக்கின்றது. அதிற் சிறுபகுதி திங்களின் இரவுப்புறத்தே விழுந்து, அங்கிருந்து மீண்டும் நம்மை வந்தடையும். மெல்லிய பிறையின் அகத்தே திங்களின் எஞ்சிய வட்டம் சாம்பனிறமாய் மங்கித் தோன்றுவது இதனானே. லியோனார்டோ டா வின்சி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே இதன் காரணத்தை எழுதிவைத்தார். மூன்றாம்பிறை மாலையில் மேற்குநோக்கி நிற்பார்க்கு அது வெறுங்கண்ணுக்கே தோன்றும்.