பிரிவுத் துயரும் அறவழியும்



53 ஆண்டுகள் எம்முடன் இல்லறம் நடத்திய எம் கணவர், தம் 81ஆம் வயதில், பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியால் கேட்டவாறே உடல் நீத்தார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட எளிய உழவர் அவர்.

கதிரவன் சாயுமுன் உணவை முடித்துவிடுவது எம் இல்லத்து வழக்கம். அவர் மறைந்த பின்னும் பல நாள் மாலையில் எம் கை தானாகவே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தது. ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைக்கையில் கண்ணீர் பெருகும். பள்ளியில் தமிழும், விடுமுறை நாள்களில் ஜினாலயத்தில் சிறுவர்க்குப் பன்னிரு அனுப்பிரேட்சைகளும் கற்பித்த யாம், நிலையாமை என்னும் முதற் பாடத்திலேயே தோற்றோம்.

அன்புக்குரியவரைப் பிரிந்து, அப்பிரிவையே எண்ணியெண்ணி வருந்துவதை ஆர்த்த தியானத்தின் நால்வகையுள் ஒன்றாக நம் ஆகமங்கள் கூறுகின்றன. அது விலங்குகதிக்கு ஏதுவாகும் என்றும் எச்சரிக்கின்றன. அழுவதே குற்றம் என்பது இதன் பொருளன்று. கண்ணீர் வருதல் இயல்பு. அதிலேயே தங்கிவிடுதல்தான் தீது. உடலை விட்ட உயிர் வீட்டு வாயிலில் காத்து நிற்பதில்லை. தன் வினைக்கேற்ற பிறவியை இமைப்பொழுதினும் குறுகிய காலத்தில் அடைந்துவிடுகிறது. ஆதலின் நம் அழுகை அவரைச் சென்று சேராது. நம்மீதே வினையாய்ப் படியும்.

பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த நாளைத் தீபாவளியாகக் கொண்டாடுகிறோம். அதே நாளில்தான் அவர்தம் தலைமைக் கணதரராகிய கௌதமர் கேவல ஞானம் எய்தினார். குருவைப் பிரிந்த நாளே சீடருக்கு ஒளி பிறந்த நாளாயிற்று. நமக்கு அத்துணைப் பெரிய ஒளி கிட்டாது. சிறு விளக்கேனும் ஏற்றிக்கொள்ளலாம் அன்றோ?

எமக்கு அவ்விளக்கு வந்த வழியைச் சொல்கிறோம். எம் அண்டை வீட்டாரோடு வரப்புத் தகராறு ஒன்று இருந்தது. பதினோராண்டுகள் பேச்சில்லை. தசலட்சண பருவம் நிறைந்து, க்ஷமாவணி நாளன்று எம் கணவர் அவ்வீட்டிற்குப் புறப்பட்டார். “தவறு அவர்களுடையது, நீங்கள் ஏன் போகவேண்டும்?” என்று தடுத்தோம். “யார் தவறு என்று கணக்குப் பார்த்தால் அது வழக்கு, மன்னிப்பு ஆகாது” என்று சொல்லித் தனியே சென்றார். அவர்கள் இருவரும் உறவாயினர். யாமோ சினத்தை விடவில்லை.

நாள்தோறும் கிணற்று நீரை மடித்த துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை மீண்டும் அந்நீரிலேயே மெல்ல விடுவது எம் கணவரின் காலைக் கடமை. அவர் மறைந்த மூன்றாம் வாரம், விடியலில் கொல்லைப்புறம் சென்ற யாம் திகைத்து நின்றோம். அண்டை வீட்டார் நீர் இறைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். “அண்ணி, அண்ணன் செய்வதுபோல் சரியாகச் செய்திருக்கிறேனா?” என்று கேட்டார். எம் கைகள் தாமே கூப்பின. பதினோராண்டுக்கும் மேலாகச் சொல்லாத சொல்லை அன்று சொன்னோம், பொறுத்தருளுமாறு வேண்டினோம். எம் கணவர் உயிரோடிருக்கையில் அதைச் சொல்லியிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்ற எண்ணம் மட்டும் இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

நினைவு நாளில் பெருவிருந்து வைக்கப் பிள்ளைகள் விரும்பினர். தந்தையார் போற்றிய நால்வகைத் தானங்களை நினைவூட்டினோம். மகன் ஏழை நோயாளர்க்கு மருந்து வாங்கித் தந்தான். மகள் மாணவர்க்கு நூல்கள் அளித்தாள். பேரக் குழந்தை இப்போது வடிதுணியை மடிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

அன்பர்களே! மறைந்தவர் செய்த அறத்தை நாம் தொடர்ந்து செய்வதே உண்மையான நினைவு. மன்னிக்க வேண்டியவரும் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டியவரும் நம் அருகில் வாழ்கின்றனர். அடுத்த க்ஷமாவணி வரை காத்திருக்க வேண்டா, இன்றே செல்வோம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!