உளத்துன்பமும் உடற்றுணையும்



சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது நம் சித்தாந்த சாத்திரங்களின் துணிபு. மலத்தைச் சார்ந்த உயிர் மலமாய் நிற்றலையும், சிவத்தைச் சார்ந்த உயிர் சிவமாய் நிற்றலையும் இவ்விதிகொண்டு பலகாலும் பேசுகின்றோம். பேரச்சத்தைச் சார்ந்த உயிர் அவ்வச்சமேயாய் நின்றுவிடும் நிலையை மட்டும் நாம் ஆராய்தல் அரிது. அங்ஙனம் ஆராயாமையால் யாம் செய்த பிழையொன்றை முதற்கண் கூறிவிடுதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அடுத்து வந்த தைத் திங்களில், அதிபத்த நாயனார் அவதரித்த அக்கரையிலே, உறவிழந்தார்க்கு ஆறுதல் மொழியுமாறு யாம் அழைக்கப்பெற்றேம். சென்று, வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் எனப் பகுத்து முக்கால் மணி நேரம் விரித்துரைத்தேம். மக்கள் இருவரையும் அலைக்குக் கொடுத்த தாயொருவர் முன்னிருந்தார். அவர், “அய்யா, ஆறு வயசுப் பிள்ளை என்ன வினை செஞ்சுது?” என்றார். யாம் முற்பிறப்பென்றேம். அவர்க்குக் கைகள் நடுங்கின. மூச்சு மேன்மேல் எழுந்தது. வாய் திறந்தும் சொல் வரவில்லை. அருகிருந்த மூதாட்டி ஒருவர் அவரை வெளியே அழைத்துப் போய், தண்ணீர் பருகச் செய்து, நெற்றியில் நீறிட்டு, முதுகை நீவியபடியே தாழ்ந்த குரலில் ‘சிவ சிவா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிறிது பொழுதில் அத்தாயும் அதனை உடன் சொல்லத் தொடங்கினார், பின்னரே அழுதார். எமது சொற்பொழிவோ உள்ளே நடந்துகொண்டிருந்தது.

யாம் கூறியது பொய்யன்று. வினைக்கொள்கை நம் சமயத்தின் தூண்களுள் ஒன்று. எனினும் அது தன்னைத்தான் நோக்கித் திருந்துவார்க்குக் கூறிய நூற்பொருள். பிறர் புண்ணின்மேல் வைத்தற்கன்று. இஃதொரு பிழை. மற்றொன்று இதனினும் நுண்ணியது. கேட்கும் கருவியே குலைந்து நின்றார்க்கு யாம் கேள்வியை உபதேசித்தேம்.

சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களின் வேறாயினும், மலமறைப்பால் அவற்றொடு கூடியன்றி அறியமாட்டாது, அரசன் அமைச்சரொடு கூடித் தொழில் செய்யுமாறுபோல ஐந்தவத்தைப்படும் என்கின்றது. நனவில் உயிர் புருவநடுவின்கண் 35 கருவிகளொடு நிற்கும். கனவில் கண்டத்தே 25 கருவிகளொடு நிற்கும். சுழுத்தியில் இருதயத்தே சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றே எஞ்சும். துரியத்தில் உந்தியின்கண் சித்தமும் ஒழியப் பிராணனும் புருடனுமே நிற்கும். இனி, புருவநடுவில் நின்றவாறே இவ்வைந்தும் நிகழ்தலை மத்தியாலவத்தை என்பர். கண் விழித்திருக்கவே கனவுற்றாரைப்போல் நிற்றல் அதன்பாற்படும். அலை போய்த் திங்கள் பல கழிந்த பின்னும், காற்றின் இரைச்சல் கேட்டவுடன் பிள்ளையைத் தூக்க ஓடும் தாயின் நிலை வேறென்னை? அவர்க்கு அலை நினைவன்று, நிகழ்ச்சி.

ஈண்டு மாணாக்கர் ஒன்று நோக்குக. ஆராய்ந்து துணியும் புத்தி சுழுத்தியிலேயே கழன்றுவிடும். பிராணனோ துரியத்தினும் உடனிற்கும். ஆகவே, புத்தியைப் பற்றிச் செல்லும் சொல் புகாத இடத்தும், பிராணனைப் பற்றிச் செல்லும் மூச்சும் நாமமும் புகும் என்று கொள்ளுதற்கு நம் நூலிலேயே இடமுண்டு. இஃது எம் கருத்து; வல்லார் ஆராய்ந்து கூறுக.

மேனாட்டு உளமருத்துவரும் வேறு வழியால் இதனருகே வந்துள்ளார். முதல் உலகப்போரில் பீரங்கி முழக்கத்துள் கிடந்த போர்வீரர் பலர் உடலிற் காயமின்றியே ஊமரும் முடவருமாயினர். அதனைக் கோழைத்தனமென்று பழித்தாரும் உளர். இத்தகைய நோயைத் தனி நோயென அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டுள் ஏற்றது 1980ஆம் ஆண்டிலேதான். அச்சம் வந்துற்றபோது இதயம் விரைதலும், தசை இறுகுதலும், மூச்சு மேலெழுதலும் உயிர்காக்கும் பொருட்டு உடம்பு செய்யும் ஏற்பாடுகள். ஆபத்து நீங்கிய பின்னும் அவ்வேற்பாடு கலையாது நிற்றலே இந்நோய். உடம்பே அக்கணக்கை எழுதிவைத்துக்கொள்கின்றது என்னும் கருத்தமைந்த தலைப்போடு பெசல் வான்டெர் கோல்க் என்னும் மருத்துவர் 2014ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அவரும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பிற மருத்துவத்தால் தீராத இந்நோயுடைய மகளிர் 64 பேர் இரு பகுதியாக்கப்பெற்றனர். பத்து வாரம் யோகாசனமும் மூச்சுப்பயிற்சியும் செய்தாருள் 52 விழுக்காட்டினர் அந்நோயிலக்கணத்தினின்றும் நீங்கினர். உடல்நலப் பாடம் மட்டும் கேட்டாருள் 21 விழுக்காட்டினரே நீங்கினர். சிறிய ஆராய்ச்சியே, எனினும் பாடம் கேட்டார்க்கும் உடம்பைப் பழக்கினார்க்கும் உள்ள வேற்றுமை, முக்கால் மணி நேரம் பேசிய எம்மைச் சுட்டது.

அயல்நாட்டார் சொல்லித்தான் இதனை அறிதல் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரால் வடுப்பட்ட மனங்களைப் பற்றி 1998ஆம் ஆண்டில் நூலியற்றியவர்கள். தம்பால் வந்தோர் துயரத்தைத் துயரமென்று கூறாது உடல்நோவாகவே கூறக் கண்டு, மருந்து வேண்டுவார்க்கு மருந்தும் தந்து, அவரவர் சமயத்துக்கேற்ற நாம உச்சாடனம், மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம் ஆகியவற்றை மருத்துவத்தின் உறுப்பாக்கினார்கள். நம் வீட்டுப் பொருளை மருத்துவசாலையில் கண்டேம்.

அதனினும் பழமையான சான்று திருவதிகையில் உளது. கலிப்பகையார் போர்மேற் சென்றார், புகழனார் இறந்தார், மாதினியாரும் உடன் சென்றார், பின் கலிப்பகையார் களத்தில் பட்ட செய்தி வந்தது. ஒரு வீட்டில் இத்தனை சாவு. திலகவதியார் உயிர்விடத் துணிந்து, தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். மருணீக்கியாரோ நிலையாமையை எண்ணிப் புறச்சமயம் புக்கார். பின்னர் அவரைச் சூலை பற்றியது. அச்சூலை துயரத்தின் விளைவென்று யாம் கூறவரவில்லை. இறைவன் ஆட்கொள்ள விடுத்ததென்பதே சேக்கிழார் வாக்கு. யாம் நோக்குவது அது தீர்ந்த முறையை. தமக்கையார் வாதம் செய்திலர். பிறசமயம் புக்கமை பற்றி இடித்துரைத்துப் பொழுது போக்கவுமில்லர். அடி வீழ்ந்தவரை எழுவித்தார், ஐந்தெழுத்தோதி நீறளித்தார், இருள் புலருமுன், திருவலகும் தோண்டியும் தாம் ஏந்தி, உடனழைத்துக் கோயிலுட் புக்கார். நீறு மெய்யிற் பட்டது; கால் வலம் வந்தது; தலை நிலத்திற் றாழ்ந்தது; அதன்பின் வாய் திறந்து பாட்டு வந்தது. சொல் கடைசியில் வந்ததைக் காண்க. அச்சொல்லும் நோவை மறைக்காது நோவையே முறையிடுஞ் சொல்.

அற்றேல், அமணரும் நீரை மந்திரித்துக் கொடுத்துப் பீலியால் உடம்பு தடவினரே, அது பயன்படாமை என்னையெனின், உடற்செயல் மட்டும் மருந்தாகாது என்பதே விடை. சார்பு வேண்டும். திலகவதியார் தாமும் அச்சாவுகளையெல்லாம் தாங்கி, நாடோறும் அலகிட்டும் மெழுகியும் தம் துயரைத் திருப்பணியால் ஆற்றி நின்றவர்; அவர் கை கொடுத்த நீறு அது. நாகைக் கரையின் மூதாட்டியும் தம் குடியில் மூவரை இழந்தவரென்று பின்னர்க் கேள்வியுற்றேம்.

திருவைந்தெழுத்தை நோய்மருந்தாக்கல் இழுக்கன்றோ என வினவுவார் உளர். பசித்தவனுக்கு அன்னம்பாலித்தல் சிவபுண்ணியமாயின், நடுங்குவான் மூச்சை ஆற்றுதல் எங்ஙனம் இழுக்காகும்? ஆயினும் நீற்றையே காட்டி மருத்துவரைத் தடுத்தல் பெரும்பிழை. உறங்காது உயிர்விட நினைவாரை உளமருத்துவரிடம் சேர்ப்பித்தல் அடியார்க்குக் கடன்.

ஆதீனங்களுக்கு எம் விண்ணப்பம் இது. பேரிடர் நேர்ந்தவிடத்துச் சொற்பொழிவாளரை முதலில் விடுக்கற்க. உணவும், நீராடுதற்கு மறைவிடமும் ஆக்குக. மாலைதோறும் ஓதுவார் ஒருவர் இருந்து, எல்லாரும் உடன் பாடுமாறு மெல்ல ஓதுக, பாடாதாரை வற்புறுத்தற்க. உடல் கிடையாதவர்க்குத் தருப்பையால் உருவமைத்துச் செய்யும் கிரியை நம்மிடம் உண்டு. அதனை வேண்டுவார்க்குப் பொருள் வாங்காது செய்வித்தல் வேண்டும். கடல் கொண்ட பிள்ளையின் பெயரை ஒருவர் கேட்டு, உரக்கச் சொல்லி, நீர் விடுதற்கு அத்தாய் ஓராண்டு காத்திருந்தார்.

திருச்சிற்றம்பலம்.