அது பாட்டுக்குப் போகுது

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு விதி இருக்கிறது. பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமையிடமிருந்து குறைந்தது 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர். இதை எல்லோரும் படிக்கிறார்கள். இருந்தும் 1980க்குப் பிறகு அந்தப் பூங்காவில் நடந்து திரிந்தவர்களை அதிகமாகக் காயப்படுத்திய விலங்கு பைசன்தான். கரடிகூட அதற்குப் பின்னால்தான். அடிபட்டவர்களில் பலர் படம் எடுக்க நெருங்கிப் போனவர்கள்.

கரடியைக் கண்டால் உடம்பு தானாகப் பின்வாங்கும். பைசன் தலை கவிழ்ந்து புல் மேய்கிறது, அசை போடுகிறது, புழுதியில் புரள்கிறது. பார்ப்பவர் மனதில் அது ஒரு மாடு. மாடுதானே, தொட்டுப் பார்த்தால் என்ன என்று கை நீள்கிறது. வளர்ந்த கிடா 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. மாட்டை அறியாதவர்தான் இப்படிக் கை நீட்டுகிறார் என்பதை என் அம்மாவோடு அங்கே போனபோது கண்ணால் கண்டேன்.

சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பியின் குடும்பத்தோடு போயிருந்தோம். மே மாதக் கடைசி. பூங்காவின் லமார் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த மலைகளில் பனி இன்னும் கரையவில்லை; கீழே புல் துளிர்த்திருந்தது. தம்பி மகனுக்கு வழிநெடுக ஒரே பேச்சு, பைசனைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

அம்மா சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் எருமைகளோடு வாழ்ந்தவர். கருக்கலில் எழுந்து தொழுவம் கூட்டி, சாணி அள்ளி, பால் கறந்து, ஈனப்போகும் எருமைக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர். கூட்டத்தைப் பார்த்ததும், “இத்தனை உருப்படியா!” என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். உடம்பில் கொத்துக்கொத்தாக மயிர் தொங்குவதைப் பார்த்து, “சொறி புடிச்சிருக்கா?” என்று கேட்டார். குளிர்கால மயிரை உதிர்க்கிற பருவம் என்று தம்பி சொன்னான். கன்றுகள் தாயின் கரும்பழுப்பு இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தன. “அந்தா பாரு ராசா, செவலைக் கன்னு!” என்று பேரனுக்குக் காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “வால் தொங்குற வரைக்கும் சரி. தூக்கிருச்சுன்னா அந்த எடத்துல நிக்கக் கூடாது” என்றார். வால் உயர்ந்தால் பாயக்கூடும் என்று பூங்காக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் தேவைப்படவில்லை.

சற்று நேரத்தில் கூட்டம் சாலைக்கு ஏறியது. முன்னும் பின்னும் கார்கள் நின்றன. தம்பி வண்டியை அணைத்தான். பெரிய கிடா ஒன்று எங்கள் சன்னலை ஒட்டி நடந்து வந்தது. திமில் காரின் கூரை உயரத்துக்கு இருந்தது. தொண்டையிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம். அது கண்ணாடி வழியாகவே நெஞ்சில் அதிர்ந்தது. பையன் சன்னலை இறக்கக் கை வைத்தான். “அப்பத்தா, இந்தா பக்கத்துலயே வந்துருச்சு! தொட்டுப் பாத்துக்கிறேன்.” அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதட்டவில்லை. “தொடாதய்யா. அது நம்மகிட்ட வரல. அது பாட்டுக்குப் போகுது” என்றார்.

அன்று முதல் அந்த வார்த்தையை விட்டு என் மனம் நகரவில்லை. ஒரு விலங்கைக் கிட்டத்தில் பார்க்கத் துடிக்கும்போது நாம் உண்மையில் கேட்பது, அது நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். வந்த தூரத்துக்கும் செலவழித்த பணத்துக்கும் அது நமக்கு ஏதோ கடன்பட்டிருப்பதாக ஓர் எண்ணம். அந்தக் கிடாவுக்குக் கோடையில் தின்று சேர்க்க வேண்டிய கொழுப்பு இருக்கிறது. பிறகு அந்தப் பெரிய தலையை இடமும் வலமும் வீசி, பனியை விலக்கிப் புல் தேடித் தின்ன வேண்டிய நீண்ட குளிர்காலம் இருக்கிறது. அதன் நாளில் நாங்கள் இல்லை.

தீமை நினைப்பவர்கள் மட்டும் எல்லை தாண்டுவதில்லை. 2016 மே மாதம் அதே பூங்காவில், பிறந்து சில நாளே ஆன கன்று ஒன்று குளிரில் வாடுவதாக நினைத்த பயணிகள், அதைத் தூக்கித் தங்கள் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். பூங்கா ஊழியர்கள் கன்றைக் கூட்டத்தோடு சேர்க்கத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். கூட்டம் ஏற்கவில்லை. கன்று கார்களையும் மனிதர்களையும் தேடி வரத் தொடங்கியது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அந்தப் பயணிகளிடம் இரக்கம் இருந்தது. மறுநாள் என்ன ஆகும் என்ற கேள்விதான் இல்லை. தம்பி இதைச் சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எடுத்தவங்க கூட இருந்து வளக்கணும்ல” என்று மட்டும் சொன்னார்.

கூட இருந்து வளர்த்தவர்களும் உண்டு. ஒரு காலத்தில் வட அமெரிக்கக் கண்டத்தில் பைசன்கள் கோடிக்கணக்கில் இருந்தன. 1870களில் கிழக்கத்திய ஆலைகளின் இயந்திரங்களைச் சுழற்றும் தோல்வார்களுக்காக அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலைப் புல்வெளியில் விட்டார்கள். எலும்பைக்கூடப் பிறகு பொறுக்கி, ரயிலில் ஏற்றி, உரத்துக்கும் சர்க்கரையை வெளுக்கவும் அனுப்பினார்கள். 1880களின் இறுதியில் மிஞ்சியவை ஏறத்தாழ ஆயிரம்தான். இந்த வேட்டை நடந்துகொண்டிருந்த 1878இல் டெக்சாஸின் மேரி ஆன் குட்நைட் என்ற பெண், தாய் சுடப்பட்டு அநாதையாகக் கத்திய கன்றுகளைக் காப்பாற்றும்படி கணவரிடம் வற்புறுத்திக் கேட்டார். தங்கள் பண்ணையில் வைத்து ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். 1902இல் யெல்லோஸ்டோனில் சுமார் இரண்டு டஜன் பைசன்களே எஞ்சியிருந்தபோது, கூட்டத்தைப் பெருக்க வெளியிலிருந்து 21 உருப்படிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் மூன்று கிடாக்கள் குட்நைட் பண்ணையில் வளர்ந்தவை. பசுக்கள் மொன்டானா மாநிலத்திலிருந்து வந்தன. லமார் பள்ளத்தாக்கில் வைக்கோல் போட்டு, பட்டியில் அடைத்து, நோய் பார்த்து, 1952 வரை அவற்றைப் பண்ணை மாடு போலவே பராமரித்தார்கள். இன்று பூங்காவில் இருப்பவை ஏறத்தாழ 5,000.

கன்றைக் கையில் எடுத்தது இரு தரப்பும்தான். ஒருவர் எடுத்த கன்றுகளின் வழி ஒரு மந்தையே வந்தது. மற்றவர்கள் எடுத்தது செத்துப்போனது. மேரி ஆனின் மறுநாளிலும் அதற்கடுத்த ஆண்டிலும் அந்தக் கன்றுகளுக்கு இடம் இருந்தது. பயணிகளின் மறுநாள் வேறெங்கோ இருந்தது. நெருக்கத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: தொட்ட கை நாளைக்கும் அங்கே இருக்குமா?

பைசனோடு எல்லோரையும்விட நெருங்கி வாழ்ந்தவர்கள் அந்தக் கண்டத்துச் சமவெளிகளின் பழங்குடிகள். அவர்கள் அதைக் கொன்றார்கள், தின்றார்கள். தோலால் கூடாரம் தைத்தார்கள், தசைநாரைத் திரித்து நூலாக்கினார்கள். மரமில்லாத புல்வெளியில் காய்ந்த சாணத்தை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். இதைக் கேட்டதும் அம்மா, “வறட்டிதானே!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாட்டில் அவருக்குச் சொந்தமாகப் பட்ட ஒரே செய்தி அதுதான் என்று நினைக்கிறேன். மந்தைகள் அழிந்தபோது அம்மக்களின் சாப்பாடும் போனது. பசியோடு, அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களான காப்பிடங்களுக்குள் அடைய வேண்டியதாயிற்று. விலங்கோடு உயிரைப் பிணைத்தவர்கள் விலங்கின் அழிவையும் சேர்த்தே அனுபவித்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறைப்பது இந்த இடம்.

அந்த உறவு இப்போது, தடைகளுக்கு நடுவே, திரும்பத் துளிர்க்கிறது. குளிர்காலத்தில் பூங்கா எல்லையைத் தாண்டி வரும் பைசன்கள், கன்று வீச்சு நோயைப் பசுக்களுக்குப் பரப்பிவிடும் என்று மொன்டானாவின் மாட்டுப் பண்ணைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மாடுகளோடு வந்த நோய் அது. அதனால் பல பைசன்கள் இன்றும் வெட்டுக்குப் போகின்றன. ஆனால் 2012 முதல், நோயில்லை என்று சோதித்து உறுதிசெய்த பைசன்கள் மொன்டானாவின் போர்ட் பெக் காப்பிடத்துக்குப் போகின்றன. அங்குள்ள அசினிபோயின், சூ மக்கள் அவற்றை வளர்க்கிறார்கள். அங்கிருந்து பிற பழங்குடிகளின் நிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். வேலி கட்டி, நோய் பார்த்து, பனியில் காவல் நிற்கும் அவர்கள் அருகில் போகட்டும். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

ஒரு நாள் வந்து போகிற நமக்கு அது இல்லை. இதில் குறைபட ஒன்றுமில்லை என்பதைத் தம்பி மகனிடம் கண்டேன். சன்னலிலிருந்து கையை எடுத்தபின் அவன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டான். தாய் மேய்வதும், கன்று முட்டி முட்டிப் பால் குடிப்பதும், பறவை ஒன்று முதுகில் ஏறி உட்கார்வதும் அவனுக்குத் தெரிந்தன. தெரிந்ததையெல்லாம் அப்பத்தாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவர் தன் எருமைகளை வைத்துப் பதில் சொன்னார். தொட்டிருந்தால் அவனுக்கு ஒரு படம் கிடைத்திருக்கும். உடம்புக்கு ஆபத்தும் வந்திருக்கலாம். தள்ளி இருந்ததால் ஒரு மாட்டின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டான்.

நம் கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டுமாடுகள் தெருவுக்கே வருகின்றன. கைபேசியை நீட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிற பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். வீட்டில் மாடு வளர்த்த பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். சாலையில் காட்டுமாடு எதிர்ப்பட்டால் இறங்காமல் வண்டியை நிறுத்தி, அதற்கு வழி விடுங்கள்.