ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுப்பது

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்க வருபவருக்குக் கொலைகாரன் யார், கடைசியில் யார் பிழைப்பார் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் படம் நன்றாக அமைந்துவிட்டால் அவரும் மற்றவர்களைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிவு தெரியாததால்தான் பதற்றம் பிறக்கிறது என்றால் இது நடக்கக் கூடாது. நோயல் கரோல் முதலிய மேலைநாட்டு மெய்யியலார் இதை ஒரு புதிராகவே எடுத்து விவாதித்திருக்கிறார்கள். சமய மரபில் இந்தக் கேள்வி இன்னும் பழையது. முடிவு முன்பே விதிக்கப்பட்டதென்றால் மனிதன் எதற்காகப் பதற வேண்டும், எதற்காக முயல வேண்டும்? திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழை மிஞ்சியது எதுவுமில்லை என்கிறது. 62ஆம் அதிகாரம் தளராத உழைப்பு அந்த ஊழையும் வெல்லும் என்கிறது. இரண்டுக்கும் நடுவே வள்ளுவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

முடிவு தெரிந்த கதையும் ஆளைப் பதற வைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இங்கே சுந்தரர் இறைவனிடம் 12,000 பொன் பெற்ற கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் சொல்கிறார். பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சுந்தரர் ஒரு துண்டை மச்சமாக, அதாவது தரம் பார்க்கும் மாதிரியாக, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு மீதியை ஆற்றில் இடுகிறார். திருவாரூரில் குளத்தில் இறங்கித் துழாவினால் பொன் அகப்படவில்லை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதா என்று மனைவி பரவையார் கேலி செய்கிறார். பதிகம் பாடிப் பாடி ஒருவழியாகப் பொன் வருகிறது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடியும் பாட வேண்டியிருக்கிறது. பொன் கிடைத்துவிடும் என்பது இந்தக் கதையை நூறு முறை கேட்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கை தண்ணீருக்குள் துழாவுகிற இடத்தில் கதை ஆளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கிடைக்குமா என்பது அங்கே கேள்வியே அல்ல. பரவையார் முன்னால் தம்பிரான் தோழராகிய சுந்தரர் தலைகுனிய நேருமா, இறைவன் எவ்வளவு நேரம் விளையாடுவான் என்பவைதான் கேள்விகள்.

சிலப்பதிகாரம் இன்னும் துணிச்சலானது. கோவலன் சாவையும் மதுரை எரிந்ததையும் நூலின் முகப்பிலுள்ள பதிகமே சொல்லி முடித்துவிடுகிறது. பிறகு, சிலம்போடு ஆயர்பாடியிலிருந்து புறப்படும் கோவலன் எதிரே ஒரு காளை பாய்ந்து வருகிறது. அது தீய நிமித்தம். அவன் பிறந்த குலத்துக்கு அந்த அறிவு இல்லையென்று இளங்கோ காரணமும் காட்டுகிறார். கேட்பவருக்குத் தெரியும், நடப்பவனுக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிட வேண்டும் என்று ஹிட்ச்காக் விளக்கிய உத்தி இதேதான். ஊழ் கதைக்குள் வரும்போது இப்படித்தான் வருகிறது, ஒருவர் அறிவதற்கும் இன்னொருவர் அறியாததற்கும் இடையிலுள்ள தொலைவாக.

ஆகவே நாவலைப் படமாக்குபவர் காப்பாற்ற வேண்டியது முடிவின் ரகசியத்தை அல்ல. யார் எதை எப்போது அறிகிறார்கள் என்ற வரிசையைத்தான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ மாறுவேடத்தை நம்பியது. அதில் நடித்த நம்பியார் வேடத்துக்கு மேல் வேடமாகக் கட்டினார். ஆடை துறந்தவர் என்று பெயர், ஒப்பனைக்கு மட்டும் குறைவில்லை. வேடம் ஒருமுறை கலைந்தால் அதன் வேலை முடிந்தது.

‘விசாரணை’ வேறு வகை. மு. சந்திரகுமார் ஆந்திரத்துக் குண்டூரில் காவலர்களிடம் தாம் பட்டதை ‘லாக்கப்’ நாவலாக எழுதினார். எழுதியவர் உயிரோடு வெளியே வந்துவிட்டார் என்ற உத்தரவாதம் அந்தப் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட தம் படத்தில் வெற்றிமாறன் அதைப் பறித்துக்கொண்டார். பிற்பாதியில் கதை சென்னைக்கு வருகிறது. முற்பாதியில் காவலர்களிடம் அடிபட்ட தொழிலாளர்கள் இங்கே ஸ்டேஷனைக் கழுவித் துடைக்கையில் அறியக் கூடாததை அறிந்துவிடுகிறார்கள். அதனால் தங்களுக்கு என்ன நேரும் என்பது அவர்களுக்கு உறைப்பதற்கு முன்பே பார்ப்பவருக்கு உறைத்துவிடுகிறது. குற்றமற்றவன் என்பதே ஒருவனுக்குக் காவலாகிவிடாது என்ற நாவலின் பயம், நாவலில் இல்லாத இந்தப் பகுதியில்தான் முழுதாக வெளிப்படுகிறது. குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறையாமல் இருந்தால் போதும். போட்ட அதே காசுகளாக இருக்க வேண்டியதில்லை.

பார்ப்பவர் யார் பக்கம் நின்று பதறுகிறார் என்பதையும் படம் மாற்றிவிடலாம். ராபர்ட் பிளாக் 1959இல் எழுதிய ‘சைக்கோ’ நாவலில் முக்கியப் பாத்திரமான நார்மன் நடுவயதைத் தொட்ட, தடித்த உடம்புக்காரன், குடிப்பவன். ஹிட்ச்காக் 1960இல் எடுத்த படத்தில் அவன் கூச்சம் நிறைந்த மெலிந்த இளைஞன். பிணம் இருக்கும் காரை அவன் சேற்றில் அமிழ்த்தும்போது கார் பாதியில் நின்றுவிடுகிறது. ஐயோ, முழுகிவிட வேண்டுமே என்று பார்ப்பவர் மனம் ஒரு கணம் குற்றத்தின் பக்கம் சாய்கிறது. நல்லது தோற்றுவிடும் போலிருப்பதே பதற்றத்துக்கு மூலம் என்ற கரோலின் விளக்கம் இந்தக் கணத்தில் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

முடிவு தெரிந்த பதற்றத்தைக் கதைக்கு வெளியிலும் பார்க்கலாம். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் தாளில் பிராது எழுதி முனியப்பர் சன்னிதி வேலில் கட்டுகிறார்கள். 90 நாளில் தீர்வு வரும் என்பது நம்பிக்கை. பிராது கட்டியவருக்கு முடிவில் சந்தேகமில்லை. அதற்காகத் தூக்கம் வந்துவிடுவதும் இல்லை. தன் பெயரில் பிராது கட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்ட எதிராளிக்கும் அதே 90 நாள்தான்.